ரொட்டிக்குள் ஒளிந்த பாதி

போன வாரம் கடையம்மாவை டாக்டரம்மாவின் அறையில் தலையாட்டிக்கொண்டிருந்த நிலையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். "ரெண்டாவது மாத்திரை நல்லா வேலை செய்யுது, அப்படித்தானே?" என்று டாக்டரம்மா கேட்டார். தலை ஆடியது. "வேளை தவறாம முழுசா குடுக்கறீங்க இல்ல?" அதற்கும் ஆடியது. அப்படியானால் மாஸ்டர் பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு மறுபடியும் அடுப்பு வேலைக்குப் போகலாம் என்று அனுமதி கிடைத்துவிட்டது. அவருக்குத் தரையில் கால் பாவவில்லை.

வலிப்பு ஒரு தடவைகூட வரவில்லை என்று கடையம்மா சொன்னது சத்தியம். முழுசாகக் கொடுக்கிறேன் என்று தலையாட்டியதுதான் பொய்.

கதைக்குள் இன்றுதான் நுழைகிறவர்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டர் ரொட்டிக் கடைக்காரர், கடையம்மாவின் புருஷன். சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. ஒரு மாத்திரை அதைப் பல வருஷம் கட்டிப்போட்டு வைத்திருந்தது. பிறகு அதற்கும் அடங்காமல் ஒருநாள் எரிகிற அடுப்பின் முன்னாலேயே விழுந்து, முழங்கையை வேகவைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அடுப்பு மச்சான் கைக்குப் போனது. டாக்டரம்மா முதல் மாத்திரையோடு இன்னொன்றைச் சேர்த்துக் கொடுத்தார். சொல்லி வைத்தாற்போல் வலிப்பு நின்றது.

ஆனால் வலிப்பு வெளியே போன கதவு வழியாகக் கோபம் உள்ளே வந்தது. மாவு மேல் எறும்பு ஏறினால்கூட ஊதி விடுகிற மனுஷன் அவர். அப்பேர்ப்பட்டவர் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழ ஆரம்பித்தார். ரொட்டி அச்சு சுவரில் பறந்தது. வேலைக்கு இருந்த பெண் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் மகளைப் பார்த்து ஒன்று சொன்னார்.

மகளுக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். காலையில் கண் விழித்ததும் பேச ஆரம்பித்தால் தூங்கும் வரை நிலையம் மூடாது. அவளைப் பார்த்துத்தான், "உன் வாயைக் கேட்டுக்கிட்டு இருக்கறதுக்கு நான் விழுந்தே கிடந்திருக்கலாம்" என்றார். ரேடியோ அன்றோடு நின்றது. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனவள், பிறகு மேஜைக்கு வரவே இல்லை.

அந்த ரெண்டாவது மாத்திரையின் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தைக் கடையம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். சிலருக்கு எரிச்சலும் கோபமும் வரலாம் என்று எறும்புக் கால் எழுத்தில் போட்டிருந்தது. நேரே டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் அவர் மறுபடி விழுவார் என்ற பயம். அதனால் அவளே ஒரு கணக்குப் போட்டாள். ரொட்டிக் கடைக்காரியின் கணக்கு அது. சர்க்கரையைப் பாதியாக்கினால் இனிப்பு பாதியாகிறது இல்லையா? அதேபோல் மாத்திரையைப் பாதியாக்கினால் கோபம் பாதி குறையும், மீதிப் பாதி வலிப்பைப் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தாள். என்னத்தைச் சொல்ல.

மாஸ்டருக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். அவருக்கு மாத்திரையைக் கண்டாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். கல்யாணமான புதிதில் கடையம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். சூடான ரொட்டியின் நடுவிலிருந்து ஒரு துளி பிய்த்து, மாத்திரையை அதற்குள் வைத்து உருட்டிக் கொடுப்பாள். அவர் பார்க்காமலே வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். வருஷக்கணக்காக அப்படித்தான் நடக்கிறது. அந்த உருண்டைக்குள் இப்போது சில வாரங்களாகப் பாதிதான் இருந்தது. மாவு வெட்டும் தகட்டால் காலையும் இரவும் அவளே வெட்டினாள்.

கணக்கு பலித்த மாதிரியே இருந்தது. மாஸ்டர் பழைய மாஸ்டர் ஆனார். ரேடியோ தயங்கித் தயங்கி மேஜைக்குத் திரும்பி வந்தாள். இதெல்லாம் போன வாரம் வரைக்கும் நடந்தது. இனி இன்றைய நாளுக்கு வருவோம்.

விடிந்ததிலிருந்து கடையில் கல்யாணக் களை. மாஸ்டர் துவைத்து இஸ்திரி போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். மச்சான் நீளக் கைப்பிடி வைத்த பலகையை இரண்டு கையாலும் ஏந்தி, "உங்க பொருள், நீங்களே வச்சுக்குங்க சாமி" என்று கொடுத்தான். கடையம்மாவின் தம்பி அவன். அக்காள் புருஷனுக்காகச் சொந்த வேலையை விட்டுவிட்டு வந்து அடுப்பில் வெந்தவன். அவனுக்கும் இன்று விடுதலை.

ரேடியோ பள்ளிச் சீருடையில் வந்து நின்று, அப்பா பலகையைப் பிடிக்கும் அழகுக்கு ஒரு நேர்முக வர்ணனை கொடுத்தாள். முதல் ரொட்டி கருகினால் அதை நினைவுச் சின்னமாகப் பள்ளிக்கு எடுத்துப் போவதாக அறிவித்தாள். மாஸ்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று அவளைத் துரத்துவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

அவள் போனதும் மாஸ்டரின் அக்காள் வந்து சேர்ந்தாள். தபால் நிலையத்தில் வேலை, அதனால் தபாலக்கா. தம்பி மறுபடி அடுப்புப் பற்றவைப்பதைப் பார்க்க வேண்டும் என்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அம்மாவுக்கு அம்மாவாக நின்று அவரை வளர்த்தவள் அவள். அவர் முதல்முதலாக வலிப்பில் விழுந்தபோது பக்கத்தில் இருந்ததும் அவள்தான். பல்லைக் கடித்துக்கொள்கிறானே என்று பதறிப்போய் விரலை வாய்க்குள் விட்டுவிட்டாள். அப்படிச் செய்யவே கூடாது என்று பிற்பாடுதான் தெரிந்தது. அந்தத் தழும்பு இன்னும் ஆள்காட்டி விரலில் இருக்கிறது.

எல்லோர் முகத்திலும் சிரிப்பு. கடையம்மாவுக்கு மட்டும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுப்பின் வாய் திறந்திருந்தது. உள்ளே நெருப்பு கனிந்து சிவந்திருந்தது. டாக்டரம்மா அனுமதி கொடுத்தது முழு மாத்திரைக்கு. அடுப்பின் முன் நிற்கப்போவது அரை மாத்திரை.

தாங்க முடியாமல் தபாலக்காவின் கையைப் பிடித்து, மாவு மூட்டை அறைக்குள் இழுத்துப் போனாள். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் கொட்டினாள்.

தபாலக்கா கத்தவில்லை. ஒரு மூட்டையின் மேல் மெதுவாக உட்கார்ந்தாள். அவள் குரலே மாறிப்போயிருந்தது.

"அவன் உயிரோட விளையாடிட்டியே."

கடையம்மா அழுதாள். மகள் வீட்டுக்குள்ளேயே விருந்தாளி மாதிரி ஆகிப்போனதைச் சொன்னாள். ராத்திரி அந்த அறைக் கதவுக்கு வெளியே எத்தனை நேரம் நின்றிருக்கிறேன் தெரியுமா அண்ணி என்று கேட்டாள். தபாலக்கா எதற்கும் அசையவில்லை. திட்டினால் காது வலிக்கும், அவ்வளவுதான், விழுந்தால் ஆளே இருக்க மாட்டான் என்றாள். கோபக்காரனாக இருந்தாலும் எனக்குத் தம்பி உயிரோடு வேண்டும் என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான். அதுதான் இந்த வீட்டின் சங்கடம். ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது, ரெண்டும் ஒரே மனுஷனின் வாய்க்குள் போக வேண்டியிருக்கிறது.

பிறகு தபாலக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு யோசனை சொன்னாள். "அவன்கிட்ட மூச்சு விடாத. ஏதாவது சாக்குச் சொல்லி இன்னைக்கு அடுப்புகிட்ட போக விடாம நான் பாத்துக்கறேன். ராத்திரியிலேர்ந்து நீ முழுசா குடு. தானா சரியாயிடும்."

கடையம்மா தலையாட்டப் போனாள். பழகின தலை, உடனே ஆடத் தயாராக இருந்தது. ஆனால் என்னவோ உறுத்தியது. நானும் அவரைக் கேட்காமல் குறைத்தேன், அண்ணியும் அவரைக் கேட்காமல் கூட்டச் சொல்கிறார், வாயைத் திறந்து விழுங்குகிற மனுஷனை யாருமே கேட்கவில்லையே என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது.

கதவைத் திறந்துகொண்டு நேரே அடுப்படிக்குப் போனாள். பின்னாலேயே தபாலக்கா, "நில்லு, சொன்னா கேளு" என்றபடி ஓடி வந்தாள்.

மாஸ்டர் முதல் அச்சைப் பலகையில் ஏற்றிவிட்டார். கடையம்மா குறுக்கே போய் நின்றாள்.

"ஏங்க, அதைத் தம்பிகிட்ட குடுங்க. நான் உங்களுக்குப் பாதி மாத்திரைதான் குடுத்துட்டு வர்றேன்."

மச்சான் சட்டென்று வந்து பலகையை வாங்கிக்கொண்டான். மாஸ்டருக்கு முதலில் விளங்கவில்லை. அவள் மறுபடி சொன்னாள். எதற்காக என்று சொன்னாள், எப்போதிலிருந்து என்று சொன்னாள். எல்லோரும் அச்சு பறக்கும் என்று எதிர்பார்த்தார்கள்.

மாஸ்டர் கையுறையைக் கழற்றி மேஜையில் வைத்தார். அங்கே கிடந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"நானா அடக்கிட்டேன்னு நினைச்சேன்" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அவரே சொன்னார். கோபம் வரும்போதெல்லாம் அது தன்னுடையதுதான் என்று நினைத்திருக்கிறார். வலிப்பு இத்தனை நாள் மூடி வைத்திருந்த கெட்டவன் ஒருத்தன் உள்ளேயிருந்து வந்துவிட்டான் என்று பயந்திருக்கிறார். மகளை அப்படிச் சொன்ன அன்றைக்குப் பின்கட்டுக் குழாயடியில் போய் நின்று அழுதிருக்கிறார். அன்றிலிருந்து உள்ளே கொதிக்க ஆரம்பித்தால் உடனே குழாயைத் திறந்து, கை மரத்துப்போகும் வரை பச்சைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நிற்பாராம். மெல்ல மெல்லக் கோபம் குறைந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார். மகள் மேஜைக்குத் திரும்பி வந்தபோது, நான் சம்பாதித்துக்கொண்டு வந்தது இது என்று மனசுக்குள் மார்தட்டிக்கொண்டார்.

"அதுவும் உன் கைவேலைதானா" என்றார் மனைவியைப் பார்த்து.

மருந்தைத்தான் குறைத்தோம் என்று கடையம்மா நினைத்திருந்தாள். அவரிடமிருந்து வேறொன்றையும் எடுத்துவிட்டோம் என்பது அந்த நிமிஷம் வரை அவளுக்குத் தெரியாது. மன்னித்துவிடுங்கள் என்றாள். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"கோபமா இருக்கேன். இது மாத்திரைக் கோபம் இல்ல. இது என்னுது. இதை யாரும் பாதியா வெட்ட வேண்டாம்."

காலை மாத்திரை இன்னும் உருண்டையாகத் தட்டில் இருந்தது. அதைப் பிய்த்து, உள்ளேயிருந்த பாதித் துண்டை வெளியே எடுத்துப் பார்த்தார். ரொட்டியைத் தள்ளி வைத்துவிட்டு அதை வெறுமனே வாயில் போட்டு, கண்ணில் நீர் வர விழுங்கினார். பிறகு அவரே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். இத்தனை வருஷத்தில் அவர் கையால் அந்த எண்ணை அழுத்தியது அதுதான் முதல் தடவை. மதியம் வரச் சொன்னார்கள். தபாலக்காவும் கூடவே கிளம்பினாள்.

டாக்டரம்மா வழக்கம்போல் கடையம்மாவைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார். "நான் சொல்றேன் டாக்டர்" என்று மாஸ்டர் குறுக்கிட்டு, பாதி மாத்திரையிலிருந்து குழாயடி வரை ஒன்றுவிடாமல் சொன்னார். சுவரில் பறந்த அச்சைச் சொன்னார். மகளிடம் சொன்ன வார்த்தையையும் அப்படியே சொன்னார்.

டாக்டரம்மா கடையம்மாவைப் பார்த்த பார்வையில் காரம் இருந்தது. சொல்லாமல் மருந்தில் கை வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதைப் பட்டும் படாமலும் இல்லை, நன்றாகப் படும்படியே சொன்னார். சட்டென்று குறைத்தால் முன்னைவிட மோசமாகக்கூட வலிப்பு வரலாமாம். கடையம்மா வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"என் மேலயும் தப்பு இருக்கு. ஒவ்வொரு தடவையும் எத்தனை முறை வந்துச்சுன்னுதான் கேட்டேன். வரலைன்னு சொன்னதும் சந்தோஷமா அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். வீட்ல எப்படி இருக்கீங்கன்னு கேட்கவே இல்ல."

மாஸ்டருக்கு விளங்கும்படி அவர் வழிகளைச் சொன்னார். முழு மாத்திரைக்கே திரும்பினால் வலிப்பை நிறுத்த நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் கோபமும் திரும்பலாம். சிலருக்கு நாளடைவில் தணியும், சிலருக்குத் தணியாது. இந்தப் பாதியிலேயே நிற்கலாம் என்றால், பாதி மருந்து பாதி வலிப்பைத் தடுக்கும் என்று எந்தக் கணக்கும் கிடையாது. இதுவரை வராதது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். இன்னொரு வழி, இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வேறொரு மாத்திரையைச் சேர்ப்பது. அதில் கோபம் வருவது குறைவு. ஆனால் தூக்கம் அழுத்தும், தலை சுற்றும், சில சமயம் கண்ணுக்கு ஒன்று ரெண்டாகத் தெரியும். வலிப்பை இந்த அளவுக்குக் கட்டும் என்று உறுதி சொல்ல முடியாது. மாற்றுகிற சமயத்தில் வலிப்பு வரலாம்.

"வலிப்பும் வராம, வேற எதுவும் பண்ணாம இருக்கற மாத்திரை என்கிட்ட இருந்தா இந்நேரம் குடுத்திருப்பேன்" என்றார். எந்த வழியானாலும் நிலைமை சீராகும் வரை அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்பதையும் சொல்லிவிட்டார்.

மாஸ்டரின் முகம் சுண்டிப்போனது. ஒன்று ரெண்டாகத் தெரிந்தால் ரொட்டி போட முடியுமா என்று கேட்டார். சிலர் பழகிக்கொள்கிறார்கள், சிலருக்கு வேறு வேலை பார்க்க வேண்டியிருக்கிறது என்று டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார்.

தபாலக்கா பொறுக்க மாட்டாமல், "இதுல யோசிக்க என்ன இருக்கு டாக்டர், முழுசாவே எழுதுங்க. இவன் திட்டினா நாங்க கேட்டுக்கறோம்" என்றாள்.

"நீ கேட்டுப்ப அக்கா. அவ கேட்டுக்க வேண்டாம்னுதான் நான் பார்க்கறேன்" என்றார் மாஸ்டர். அவள் என்றது ரேடியோவை என்று எல்லோருக்கும் தெரிந்தது. கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வந்து பதில் சொல்கிறேன் என்று எழுந்து வெளியே நடந்தார். ரெண்டு பெண்களும் பின்னாலேயே போனார்கள்.

நடையில் வரிசையாக நாற்காலிகள். காத்திருந்தவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கடையம்மா பக்கத்தில் உட்காரத் துணியாமல் ஒரு இடம் விட்டு உட்கார்ந்தாள். ஏதாவது பேசினால் தேவலை என்று இருந்தது. திரும்பிப் பார்த்தாள். அவருடைய இடது கை சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. திருகுவதை நிறுத்தவே இல்லை. கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது.

வலிப்பு வருவதற்கு முன்னால் அவர் கை எப்போதும் இப்படித்தான் பொத்தானைத் திருகும் என்று அவளுக்குத் தெரியும். எழுந்து அவர் தோளை அணைத்துக்கொள்வதற்குள் உடம்பு விறைத்தது. அவரைத் தன் மேல் சாய்த்தபடியே மெல்லத் தரையில் இறக்கினாள். கைப்பையைத் தலைக்குக் கொடுத்தாள். ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். நாற்காலிகளைத் தள்ளச் சொன்னாள். கையைக் காலைப் பிடிக்க வந்தவர்களைக் கிட்ட விடவில்லை. தபாலக்கா தம்பியின் தலைமாட்டில் மண்டியிட்டு, தன் ரெண்டு கையையும் மடிக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் உடம்பு துள்ளத் துள்ள அவள் உதடு எதையோ வேண்டிக்கொண்டே இருந்தது.

நர்ஸ் ஓடி வந்தாள். அவள் பின்னால் டாக்டரம்மாவும் வந்தார்.

நான் வெட்டினேன், நான் வெட்டினேன் என்பது ஒன்றைத் தவிரக் கடையம்மாவின் மனசில் வேறு எதுவும் ஓடவில்லை.

துள்ளல் அடங்கியது. மூச்சு கரகரத்து, பிறகு சீரானது. மாஸ்டர் கண்ணைத் திறந்தார். எங்கே இருக்கிறோம் என்று தெரியாத கண். சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நர்ஸைப் பார்த்தார், காவலாளியைப் பார்த்தார், அம்மாவின் பின்னால் ஒளிந்து எட்டிப் பார்த்த ஒரு குழந்தையைப் பார்த்தார். எல்லா முகத்திலும் மிரட்சி. அதைப் பார்க்கப் பார்க்க அவர் முகத்திலும் பயம் வந்தது. கையைத் துழாவி, கிடைத்த கையைப் பிடித்துக்கொண்டார். நாக்கு இன்னும் சரியாகப் புரளவில்லை. கஷ்டப்பட்டுக் கேட்டார்.

"நான் யாரையாவது திட்டிட்டேனா?"

கடையம்மா அவர் முகத்தருகே குனிந்தாள். "இல்லீங்க. யாரையும் எதுவும் சொல்லல. வலிப்புதான் வந்துச்சு."

"வலிப்புதானே" என்றார். நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டரம்மா அசையாமல் நின்றார். தபாலக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுது தீர்த்துவிட்டு, தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"டாக்டர், அவன் தெளிஞ்சதும் அவன்கிட்டயே கேட்டு எழுதுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

படுக்கை வண்டி வந்தது. தூக்கி வைக்கும்போதும் மாஸ்டர் பிடித்த கையை விடவில்லை. கடையம்மா வண்டியோடு ஒட்டிக்கொண்டே நடந்தாள். வார்டுக்குள் போய், நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்து முடிக்கும் வரை அந்தப் பிடி இறுக்கமாகவே இருந்தது. பிறகு மெல்ல மெல்ல அவருக்குத் தெளிவு வந்தது. இது ஆஸ்பத்திரி என்று தெரிந்தது. காலையில் அடுப்படியில் கேட்டது நினைவுக்கு வந்தது. பிடித்திருப்பது யார் கை என்று பார்த்தார்.

கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. தன் விரல்களை மட்டும் மெதுவாக விடுவித்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.